அமெரிக்கா மேற்கே விரிந்தது எப்படி? நிலம் கைமாறிய கதை, படிப்படியாக

2020 ஜூலை 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓக்லஹோமா மாநிலத்தின் கிழக்கே, துல்சா நகரத்தின் பெரும்பகுதியும் அடங்கிய சுமார் 30 லட்சம் ஏக்கர் இன்னும் மஸ்கோகி (கிரீக்) பூர்வகுடிகளின் ரிசர்வேஷன்தான் (அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதி), அதை யாரும் சட்டப்படி கலைக்கவே இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. அடுத்த ஆண்டே ஓக்லஹோமா நீதிமன்றம் இதே காரணத்தை வைத்து செரோக்கி உள்ளிட்ட மற்ற நான்கு பூர்வகுடி தேசங்களின் ரிசர்வேஷன்களும் உயிரோடுதான் இருக்கின்றன என்று சொல்ல, மாநிலத்தில் ஏறக்குறைய பாதி இதற்குள் வந்துவிட்டது.

அப்படியென்றால் அங்கே வீடு வாங்கியவர்கள் காலி பண்ண வேண்டுமா? கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்பு பூர்வகுடிகளோடு போட்ட ஒப்பந்தம் இன்று எப்படிச் செல்லும்? செய்தியைப் படித்த பலருக்கும் இந்தக் குழப்பம் வந்தது. பதில் சொல்ல வேண்டுமானால், 13 மாநிலங்களாக அட்லாண்டிக் கரையோரம் தொடங்கிய ஒரு நாடு நூறு ஆண்டுகளுக்குள் பசிபிக் கரை வரை எப்படிப் போனது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். திரைப்படங்கள் நமக்குக் காட்டியது குதிரை, துப்பாக்கி, மூடு வண்டி. அதெல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் நிலம் கைமாறிய வேலை பெரும்பாலும் காகிதத்தில் நடந்தது, அதனால்தான் அது இன்றைக்கும் நீதிமன்றத்துக்கு வருகிறது.

கடனில் பிறந்த அரசு, கையில் நிலம் மட்டும்

1783-ல் பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் தோல்வியை ஒப்புக்கொண்டு, மிஸிஸிப்பி ஆறு வரையிலான நிலத்தை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த நிலத்தில் வாழ்ந்த ஷாவ்னி, மயாமி, செரோக்கி போன்ற தேசங்களில் ஒன்றுகூட அந்த மேசையில் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம் இதுதான்.

புதிய மத்திய அரசுக்குப் போர்க்கடன் கழுத்து வரை இருந்தது. வரி போடும் அதிகாரமோ அதற்கு அப்போது இல்லை, மாநிலங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவையோ ஒழுங்காகக் கொடுக்கவில்லை. வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் மேற்கு நிலத்தின் மீதான தங்கள் உரிமைகோரலை மத்திய அரசிடம் ஒப்படைத்த பிறகு, அதன் கையில் காசாக்கக்கூடிய சொத்து என்று இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். மேற்கே போனதற்கு மக்களின் நில ஆசை ஒரு காரணம் என்றால், நிலத்தை விற்றே ஆக வேண்டிய அரசின் நெருக்கடி இன்னொரு காரணம்.

66 அடிச் சங்கிலி

விற்க வேண்டுமானால் அளக்க வேண்டும். 1785-ல் வந்த நிலச் சட்டம் அதற்கு ஒரு முறையை வகுத்தது. ஓஹியோ ஆறு பென்சில்வேனியா எல்லையைத் தொடும் இடத்தில், இன்றைய ஈஸ்ட் லிவர்பூல் ஊருக்குப் பக்கத்தில், ஒரு தொடக்கப் புள்ளி. அங்கிருந்து தாமஸ் ஹட்சின்ஸ் என்ற அரசு நில அளவையாளரின் குழு மேற்கே சங்கிலி பிடித்துக்கொண்டு போனது. சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 சதுரங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் எண் சதுரம் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கீடு.

நம் ஊர்ப் பழைய எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தகம்) வரைபடங்களில் லிங்க்ஸ் கணக்கில் அளவு எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கிலி தெரிந்ததுதான், இரண்டும் ஒரே குன்டர் சங்கிலி. ஆனால் வேலை நேர் எதிரானது. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி சர்வே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த வயலை, அதன் கோணல் வரப்போடு சேர்த்து அளந்தது, தீர்வை போடுவதற்காக. ஓஹியோவிலோ வாங்கப்போகிறவன் கால் வைப்பதற்கு முன்பே, ஆறு, மேடு, அங்கே ஏற்கெனவே இருந்த ஊர், வேட்டைக்காடு எதையும் பார்க்காமல் நேர்க்கோடு போட்டார்கள். இன்றைக்கு ஐயோவா, கான்சாஸ் மேல் விமானத்தில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் சதுரம் சதுரமான வயல்கள் அந்தக் கோடுகள்தான். ஆயிரம் மைல் தொலைவில் உட்கார்ந்துகொண்டு, இந்த எண், இந்தச் சதுரம் என்று நிலத்தை வாங்கவும் விற்கவும் அடகு வைக்கவும் முடிந்தது இதனால்தான். வேலியும் துப்பாக்கியும் செய்ததைவிட இந்தச் சங்கிலி செய்தது அதிகம் என்பது என் எண்ணம்.

ஆரம்பத்தில் குறைந்தபட்ச விற்பனை 640 ஏக்கர், ஏக்கர் ஒரு டாலர். சாதாரண விவசாயியிடம் அந்தக் காலத்தில் 640 டாலர் ஏது? வாங்கியவர்கள் பெரிய கம்பெனிகளும் நில வியாபாரிகளும்தான். காசில்லாதவர்கள் சர்வே வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் அரசை நெருக்கினார்கள். அரசும் படிப்படியாக இறங்கி வந்தது: 1820-ல் 80 ஏக்கர், ஏக்கர் ஒன்றேகால் டாலர், ஆக 100 டாலரில் ஒரு பண்ணை. 1841-ல் முன்பே குடியேறி உட்கார்ந்தவருக்கே முதல் உரிமை என்று சட்டமே வந்துவிட்டது.

நான்கு படிகள்

மேற்கே பெரும்பாலான பகுதிகள் அமெரிக்க மாநிலமாக மாறியது இந்த நான்கு படிகளில்தான்.

1. மற்ற ஆட்சிகளின் உரிமைகோரலை முடிப்பது. 1803-ல் பிரான்ஸிடம் லூயிசியானா, 1.5 கோடி டாலருக்கு சுமார் 8,28,000 சதுர மைல். 1846-ல் பிரிட்டனோடு ஒரிகான் ஒப்பந்தம். 1848-ல் மெக்ஸிகோவைப் போரில் தோற்கடித்து கலிபோர்னியாவும் தென்மேற்கும். லூயிசியானா வாங்கியதை ‘உலகத்திலேயே மலிவான நில வியாபாரம்’ என்று சொல்வார்கள். பிரான்ஸ் விற்றது நிலத்தை அல்ல. ‘இனி இந்தப் பக்கம் வேறு எந்த ஐரோப்பிய நாடும் வராது, நீங்கள் மட்டும் பூர்வகுடிகளோடு பேசிக்கொள்ளலாம்’ என்ற ஏகபோகத்தைத்தான் விற்றது. நிலத்தில் இருந்தவர்களிடமிருந்து அதைப் பெற அமெரிக்கா அப்புறம் தனித்தனியாக எத்தனையோ உடன்படிக்கைகள் போட வேண்டியிருந்தது.

2. பூர்வகுடி தேசங்களிடமிருந்து நிலத்தைப் பெறுவது. 1790 சட்டப்படி மத்திய அரசைத் தவிர வேறு யாரும் அவர்களிடம் நிலம் வாங்க முடியாது. 1823-ல் உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளுக்கு நிலத்தில் குடியிருக்கும் உரிமை உண்டு, முழு உடைமை ‘கண்டுபிடித்த’ ஐரோப்பியரின் வாரிசுக்கே என்று தீர்ப்பு எழுதி, வாங்க ஒரே ஒரு ஆள்தான் என்ற நிலையை உறுதிப்படுத்தியது. ஒரே ஒருவருக்குத்தான் விற்கலாம் என்றால் விலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

3. அளந்து விற்பது. இது மேலே பார்த்த சங்கிலி வேலை.

4. மாநிலமாக்குவது. 1787-ல் வந்த வடமேற்குச் சட்டப்படி, அடிமையல்லாத வயதுவந்த ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் ஒரு சட்டமன்றம், சுதந்திரக் குடிகள் 60,000 ஆனால் மற்ற மாநிலங்களோடு சம அந்தஸ்துள்ள மாநிலம். 1803-ல் ஓஹியோ இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் மாநிலமானது.

நான்காவது படி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளை நிரந்தரமாகக் கீழேயே வைத்திருந்தது. அமெரிக்கா தன் குடியேறிகளுக்கு ‘இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்தால் உங்களுக்கும் இரண்டு செனட்டர்’ என்று சொன்னது. ஜனநாயகத்துக்கு அது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: குடியேறிக்கு ஓட்டு உண்டு, அவன் கேட்கும் நிலத்தில் இருக்கும் பூர்வகுடிக்கு ஓட்டு இல்லை. இரண்டாவது படியை எப்படியாவது சீக்கிரம் முடி என்று அரசை அழுத்தும் ஆட்கள் ஒவ்வொரு புது மாநிலத்தோடும் பெருகினார்கள்.

காகிதத்தில் சம்மதம்

அதே 1787 சட்டம், பூர்வகுடிகளின் நிலமும் சொத்தும் அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒருபோதும் எடுக்கப்படாது என்றும் சொல்கிறது. நான்கே ஆண்டில், 1791-ல், அந்த நிலத்துக்காகப் போன அமெரிக்கப் படையை மயாமி, ஷாவ்னி முதலான தேசங்களின் கூட்டணி லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் ஆகியோர் தலைமையில் முறியடித்தது. 600-க்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். 1794-ல் கூட்டணி தோற்றது, அடுத்த ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் ஓஹியோவின் பெரும்பகுதி போனது.

சண்டை இல்லாத வழியும் இருந்தது. 1803-ல் ஜனாதிபதி ஜெஃபர்சன், இண்டியானா ஆளுநர் ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூர்வகுடிகளில் செல்வாக்கானவர்கள் அரசின் வணிகக் கிடங்குகளில் கடன்படட்டும், கட்ட முடியாத அளவுக்குக் கடன் ஏறினால் நிலத்தை விட்டுக்கொடுக்க இசைவார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே கை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களுக்கு நடந்தது

‘நாகரிகம் அடைந்தால் உங்களை விட்டுவிடுவோம்’ என்பதுதான் அரசு தொடர்ந்து சொன்ன பேச்சு. செரோக்கிகள் அதை நம்பினார்கள் என்றே சொல்ல வேண்டும். செக்கோயா என்பவர் 1821 வாக்கில் அவர்கள் மொழிக்கு ஒரு எழுத்து முறையை உருவாக்கினார். 1827-ல் எழுத்து வடிவில் அரசியல் சாசனம், 1828-ல் சொந்த மொழியில் செய்தித்தாள். பண்ணைகள், பள்ளிகள், நீதிமன்றம் எல்லாம் இருந்தன. 1829-ல் அவர்கள் நிலத்துப் பக்கம் தங்கம் கிடைத்தது. ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தை சர்வே பண்ணி, 1832-ல் குலுக்கல் முறையில் வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. ஆமாம், லாட்டரிச் சீட்டு.

1830-ல் ஜனாதிபதி ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டம், கிழக்கே இருக்கும் தேசங்களை மிஸிஸிப்பிக்கு மேற்கே மாற்ற வழி செய்தது. செரோக்கிகள் ஆயுதம் எடுக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1832-ல் நீதிமன்றம் ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று தெளிவாகச் சொன்னது. ஜெயித்தும் பலன் இல்லை. தீர்ப்பின் பக்கம் நின்று அவர்கள் நிலத்தைக் காக்க ஜாக்சனின் அரசு முன்வரவில்லை.

1835 டிசம்பரில் நியூ எக்கோட்டாவில் ஒரு சிறு கோஷ்டி, செரோக்கி தேசிய மன்றத்தின் அனுமதி இல்லாமல், 50 லட்சம் டாலருக்கு மொத்த நிலத்தையும் எழுதிக் கொடுத்தது. தலைவர் ஜான் ராஸ் அதை எதிர்த்து 15,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரோடு மனு கொடுத்தார். தேசத்தில் ஏறக்குறைய எல்லோருமே அதில் இருந்தார்கள் என்று அர்த்தம். செனட் தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஒரு ஓட்டில் எட்டிப்பிடித்து அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. 1838-ல் ராணுவம் வீடு வீடாகப் போய் மக்களை இழுத்து வந்து மரவேலி முகாம்களில் அடைத்தது, அப்புறம் குளிர்காலத்தில் மேற்கே நடக்க வைத்தது. சுமார் 16,000 பேரில் 4,000 பேர் வரை இறந்தார்கள். கண்ணீர்ப் பாதை என்று சொல்வது இதைத்தான்.

மஸ்கோகிகளும் இதே போலத் துரத்தப்பட்டார்கள். பதிலுக்கு மேற்கே நிலம் தருவதாக 1832, 1833 உடன்படிக்கைகள் வாக்களித்தன. எந்த மாநிலமோ டெரிட்டரியோ (இன்னும் மாநிலமாகாத பகுதி) உங்கள் மீது சட்டம் போடும் உரிமை பெறாது என்று அதில் எழுத்திலேயே இருக்கிறது.

1862: ஒரே ஆண்டில் மூன்று சட்டம்

புதிய மாநிலம் ஒவ்வொன்றும் ‘அடிமை முறை உண்டா, இல்லையா’ என்ற சண்டையைக் கிளப்பியது, ஏனென்றால் செனட்டில் சமநிலை அதை வைத்துத்தான். தெற்கே பூர்வகுடிகள் காலி செய்த நிலத்தில் பருத்தி வந்தது, பருத்தியோடு பல லட்சம் அடிமைகள் மேற்கே விற்கப்பட்டார்கள். கடைசியில் இந்தச் சண்டைதான் உள்நாட்டுப் போரில் முடிந்தது. தென் மாநிலத்தவர்கள் காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) விட்டு வெளியேறியதும் அதுவரை தடைபட்டுக் கிடந்தவை எல்லாம் 1862-ல் மளமளவென்று நிறைவேறின.

குடியேற்ற நிலச் சட்டம் 160 ஏக்கரைச் சிறு கட்டணத்துக்குக் கொடுத்தது, ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் சொந்தம். மணமாகாத பெண்களும் புதிதாக வந்து இறங்கிய அயல்நாட்டவரும்கூட விண்ணப்பிக்கலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். மொத்தம் 27 கோடி ஏக்கர் இப்படிப் போனது. ரயில் சட்டம் ரயில் கம்பெனிகளுக்குப் பாதையின் இருபுறமும் ஒன்று விட்டு ஒன்றாகச் சதுரங்களை, சதுரங்கப் பலகை மாதிரி, இலவசமாகக் கொடுத்தது. 1869 மே 10-ல் யூட்டாவில் இரண்டு பக்கப் பாதையும் இணைந்தது. சியர்ரா மலையைக் குடைந்து மேற்குப் பாதையைப் போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களின் நாட்டவருக்கே 1882-ல் குடியேற்றத் தடை வந்தது. மூன்றாவது சட்டம் நிலத்தை விற்றுக் கல்லூரி தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. நம் பிள்ளைகள் இன்று எம்.எஸ். படிக்கப் போகும் பர்டூ, ஓஹியோ ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் எல்லாம் இப்படி வந்தவைதான்.

ஆனால் 160 ஏக்கர் என்பது ஓஹியோ மழைக்குப் போட்ட கணக்கு. நூறாவது தீர்க்கரேகையைத் தாண்டினால் ஆண்டுக்கு 20 அங்குல மழைகூட நிச்சயமில்லை. 1878-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியல் ஆய்வாளர், அங்கே மேய்ச்சல் நிலம் என்றால் ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது வேண்டும், எல்லைக்கோடுகளைத் தண்ணீரைப் பார்த்துப் போட வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசி நிலங்களும் பங்குபோடப்பட்டபோது

1868-ல் லாரமி கோட்டை உடன்படிக்கை கருங்குன்றுகள் பகுதியை லக்கோட்டாக்களுக்கே (சூ தேசங்களில் ஒரு பிரிவினர்) என்று ஒதுக்கியது. இனி நிலம் எடுப்பதென்றால் வயதுவந்த ஆண்களில் நாலில் மூன்று பங்கினர் கையெழுத்து வேண்டும் என்பது நிபந்தனை. 1874-ல் அங்கே தங்கம் தென்பட்டது. அதனால் மூண்ட போரில், 1876-ல் லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்தது. 1877-ல் பத்தில் ஒரு பங்கினர் மட்டுமே கையெழுத்திட்ட தாளை வைத்து காங்கிரஸ் நிலத்தை எடுத்துக்கொண்டது. சமவெளியின் காட்டெருமைகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன (கோடிக்கணக்கில் இருந்தவை 1880-களின் முடிவில் சில நூறாகிவிட்டன), சாப்பாட்டுக்கே அரசின் ரேஷனை எதிர்பார்க்கும் நிலையில்தான் அந்தக் கையெழுத்துகளும் வாங்கப்பட்டன.

1887-ல் வந்த டாஸ் சட்டம் ரிசர்வேஷன்களின் பொது நிலத்தைக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று பிரித்து, ‘மிச்சத்தை’ வெளியாட்களுக்குத் திறந்துவிட்டது. அப்போது பூர்வகுடிகள் கையில் இருந்தது 13.8 கோடி ஏக்கர், 1934-ல் 4.8 கோடி. ஒரு போர்கூட இல்லாமல், பங்கு பிரித்தே இவ்வளவு போனது.

இன்றைக்கு இதெல்லாம் எங்கே வந்து நிற்கிறது

1. ஓக்லஹோமா. மஸ்கோகி நிலமும் பிற்பாடு தனித்தனியாகப் பங்கு போடப்பட்டு, பலர் கை மாறி, 1907-ல் மாநிலமும் வந்தது. நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி: ரிசர்வேஷனைக் கலைக்கிறோம் என்று காங்கிரஸ் எங்கேயாவது சட்டம் போட்டதா? இல்லை. தனி ஆள் தன் வயலை விற்றால் பட்டா மாறுமே தவிர பஞ்சாயத்து எல்லை மாறாது, அது போலத்தான் இது. அதனால் யாருடைய வீடும் போகவில்லை. மாறியது, அந்த எல்லைக்குள் பூர்வகுடி ஒருவர் பெரிய குற்றம் செய்தால் வழக்கு மாநில நீதிமன்றத்துக்குப் போகாது என்பது. 2022-ல் இன்னொரு தீர்ப்பு, பூர்வகுடிகள் மீது மற்றவர்கள் செய்யும் குற்றங்களில் மாநிலத்துக்கும் அதிகாரம் உண்டு என்று கொஞ்சம் பின்னிழுத்தது.

2. கருங்குன்றுகள். 1980-ல் உச்ச நீதிமன்றம், எடுத்ததற்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். சூ தேசங்கள் இன்று வரை அதைத் தொடவில்லை, கேட்பது நிலத்தை. கருவூலத்திலேயே கிடந்து அந்தப் பணம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நான்கு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலை இருப்பது இதே குன்றுகளில்.

3. சதுரங்கப் பலகை. ரயில் கம்பெனிகள் விற்ற சதுரங்கள் இன்று தனியாரிடம், நடுவில் மாட்டிக்கொண்ட சதுரங்கள் அரசிடம். 2021-ல் வயோமிங்கில் வேட்டைக்குப் போன நால்வர், இரண்டு அரசுச் சதுரங்கள் தொடும் மூலையில் ஒரு ஏணியை வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் தாண்டினார்கள். நில உரிமையாளர் தன் மண்ணுக்கு மேலே உள்ள காற்றில் அத்துமீறினார்கள் என்று வழக்கு போட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது, அதற்கு ஆதாரமாக எடுத்தது 1885-ஆம் ஆண்டுச் சட்டம்.

4. தண்ணீர். பவல் எச்சரித்த வறண்ட மேற்கில் யார் முதலில் எடுத்தாரோ அவருக்கே முன்னுரிமை என்பது விதி. 1908-ல் உச்ச நீதிமன்றம், ரிசர்வேஷன் ஒதுக்கினாலே அதற்கான தண்ணீரும் சேர்த்தே ஒதுக்கியதாகத்தான் அர்த்தம் என்றது. ஆகவே பல பூர்வகுடி தேசங்களின் உரிமை பெரிய நகரங்களின் உரிமையைவிட மூத்தது. ஆனால் 1922-ல் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டபோது அவர்களைக் கூப்பிடவே இல்லை. 2023-ல் நவஹோ தேசம் தொடுத்த வழக்கில், 1868 உடன்படிக்கைப்படி தண்ணீரைத் தேடிக் கொண்டுவந்து தரும் கடமை அரசுக்கு இல்லை என்று 5-க்கு 4 தீர்ப்பு வந்தது. பற்றாக்குறை நாளில் யாருக்கு எவ்வளவு வெட்டு என்று 2007-ல் போட்ட விதிகள் 2026 முடிவில் காலாவதியாகின்றன. அந்த ஆற்றுப் படுகையில் உள்ள 30 பூர்வகுடி தேசங்கள் இந்தத் தடவை புது விதிகளை எழுதும் பேச்சில் தங்களுக்கும் இடம் கேட்கின்றன.